சாக்லேட் சாமி

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்தங்கரைக்குக் காவல் செவலை என்ற நாய்.

நாய்க்குக் காட்டில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் குரைத்தால் கல்லால் அடித்தார்கள். காட்டில் குரைத்தால் "காவல்காரரே" என்று கூப்பிட்டார்கள். அதனால் செவலை காட்டோடு தங்கிவிட்டது.

குளத்தைப் பார்க்க மனிதர்கள் வேனில் வருவார்கள். ஒரு நிமிடம் பார்ப்பார்கள், ஒரு மணி நேரம் தின்பார்கள். தின்றது போக மிச்சத்தை அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். அப்படிக் கிடைப்பது எதுவானாலும் மாலையில் ஆலமரத்தடிக்கு வந்துவிட வேண்டும். எல்லா மிருகங்களும் உட்கார்ந்து பங்கு போட்டுக்கொள்ளும். 'கண்டெடுத்தது பந்திக்கு' என்பது அந்தக் காட்டின் சட்டம்.

சட்டத்தைக் காப்பதில் செவலையை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருமுறை நரி அரை முறுக்கை வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு பந்திக்கு வந்தது. கடக்கென்று சத்தம் கேட்டதும் செவலை அதன் காதைப் பிடித்துவிட்டது. "நான் முறுக்குத் திருடன்! நான் முறுக்குத் திருடன்!" என்று கூவிக்கொண்டே நரி குளத்தைச் சுற்றி வர வேண்டியதாயிற்று. பின்னாலேயே செவலை, "சத்தம் பத்தலை! இன்னும் உரக்க!" என்று சொல்லிக்கொண்டு நடந்தது.

அப்பேர்ப்பட்ட காவல்காரருக்கு ஒரு நாள் காலையில் சோதனை வந்தது.

வேனில் வந்த ஒரு குடும்பத்தைத் தேனீக்கள் துரத்தின. அவர்கள் போட்டது போட்டபடி ஓடிப்போனார்கள். புல்லில் ஒரு பச்சை அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே வெள்ளித்தாளில் சுற்றிய சாக்லேட் கட்டிகள். கரிக்கட்டை மாதிரி கறுத்த சாக்லேட்.

செவலை முதலில் மோந்து பார்த்தது. மோந்து பார்ப்பது காவல்காரன் கடமை. பிறகு நக்கிப் பார்த்தது. கெட்டுப்போன பண்டமாக இருந்தால் பொதுமக்களுக்கு ஆகாதே! பிறகு ஒரு கட்டியைக் கடித்துப் பார்த்தது. கொஞ்சம் கசந்தது. கசக்கிற பண்டத்தைப் பந்தியில் வைத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். எனவே இன்னொரு கட்டியையும் சோதித்தது. இப்படிப் பொதுநலம் கருதிக் கருதிப் பெட்டி காலியாகிவிட்டது. அவசரத்தில் பாதி வெள்ளித்தாளும் உள்ளே போய்விட்டது.

செவலை நாலு பக்கமும் பார்த்தது. யாரும் இல்லை. காலிப் பெட்டியை மூங்கில் புதரடியில் தோண்டிப் புதைத்தது. மேலே சருகைத் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையாகக் காவலுக்குப் போய் உட்கார்ந்தது.

மத்தியானம் ஆயிற்று. செவலைக்கு உட்கார முடியவில்லை. எழுந்தது. நிற்கவும் முடியவில்லை. குளத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. வாய் நிறையத் தண்ணீர் குடித்தது. குடித்ததைக் கக்கியது. நெஞ்சு மட்டும் யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவதுபோல் தடதடவென்று அடித்தது.

ஆலமரத்தில் இருந்த காக்கை பார்த்துவிட்டது.

"என்ன செவலையண்ணே, ஒரு மாதிரியா இருக்கே? ஏதாவது தின்னியா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் அந்தப் பக்கமாக நரி வந்துகொண்டிருந்தது. முறுக்குக் கதை செவலையின் நினைவுக்கு வந்தது. நரி பின்னால் நடக்க, தான் முன்னால் கூவிக்கொண்டு போவதுபோல் ஒரு காட்சியும் கண்ணுக்குள் வந்தது.

"தின்னதா? நானா? காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை!" என்றது செவலை.

சொல்லி முடிப்பதற்குள் அதன் முன்னங்கால்கள் வெடவெடவென்று ஆடத் தொடங்கின. பிறகு பின்னங்கால்கள் ஆடின. பிறகு உடம்பே ஆடியது. நாக்கு வெளியே தொங்கியது. கண்கள் பெரிதாயின. மூச்சு புஸ் புஸ்ஸென்று வந்தது.

நரி நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. எல்லையம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் மனிதர்கள் இப்படி ஆடுவதை அது பலமுறை பார்த்திருக்கிறது. ஆடுகிறவரைவிட அவர் பக்கத்தில் தட்டோடு நிற்பவருக்கு வருமானம் அதிகம் என்பதையும் பார்த்திருக்கிறது.

"பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலையா? அப்போ விரதம்!" என்று நரி ஊளையிட்டது. "விரதம் இருந்த உடம்பு, வேர்க்காத ஆட்டம்! எல்லாரும் ஓடி வாங்க! செவலைக்கு அருள் வந்திருக்கு!"

காடே திரண்டு வந்தது.

"நாய்க்கா அருள்?" என்று குரங்கு சந்தேகமாகக் கேட்டது.

"நாய் யாரு? பைரவர் வாகனம்! வாகனத்துல சாமி ஏறாம நீயா ஏறுவே?" என்றது நரி. குரங்கு சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிறகு ஒரு காய்ந்த சுரைக்குடுக்கையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தது.

மான் வேப்பிலைக் கொத்தை ஒடித்து வந்து செவலையின் கழுத்தில் செருகியது. நேற்றுவரை, "யோவ் காவல், உன் சத்தத்துல என் தூக்கம் போச்சு" என்று ஏசிய மான்தான் அது! இப்போது முன்னங்கால்களை மடக்கி விழுந்து கும்பிட்டது.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், செவலைக்கு அது பிடித்திருந்தது. வயிற்றைப் பிசைந்தது வாஸ்தவம்தான். ஆனாலும் காடு முழுக்கக் காலில் விழும்போது எந்த நாய்தான், "ஐயா, இது அருள் இல்லை, அஜீரணம்" என்று சொல்லும்? கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும் என்று அது நினைத்துக்கொண்டது. திருடன் பட்டத்துக்குச் சாமி பட்டம் மேல் அல்லவா?

நரி ஒரு தேக்கிலையை விரித்தது. "காணிக்கை இங்க வைங்க! வரிசையா வாங்க! ஒருத்தருக்கு ஒரு குறிதான்!"

இலையில் பலாச்சுளை விழுந்தது. தேனடை விழுந்தது. கிழங்கு விழுந்தது.

மான் முதலில் வந்தது. "சாமி! எனக்குக் குட்டி தங்க மாட்டேங்குது. ஒரு வார்த்தை சொல்லுங்க!"

அந்த நேரம் பார்த்துச் செவலையின் குடல் முறுக்கியது. "வயிறு! ஐயோ, வயிறு!" என்று கத்தியது.

"கேட்டியா? உன் வயிறு நிறையும்னு சாமி சொல்லிடுச்சு!" என்றது நரி. மானுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

செவலைக்கு நாக்கு வறண்டது. "தண்ணி... தண்ணி..." என்று முனகியது.

"மழை! மழை வரப்போகுதாம்!" என்று நரி இரண்டு கால்களில் நின்று அறிவித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். ஒருவரும் ஒரு வாய்த் தண்ணீர் கொண்டுவரவில்லை.

அடுத்தது குரங்கு. "சாமி! அக்கரை மரத்துல பொண்ணு கேட்டிருக்கேன். கலியாணம் முடியுமா?"

செவலையின் கால்கள் மடங்கின. கண் இருட்டியது. விளையாட்டு போதும் என்று அதற்கே தோன்றிவிட்டது. "முடியலை! என்னால முடியலை!" என்று அலறியது.

குரங்கின் முகம் தொங்கிப்போனது.

"அட முட்டாளே, ஏன் அழுவுறே?" என்றது நரி. "முடியலைன்னா என்ன அர்த்தம்? பேச்சு இன்னும் முடியலைன்னு அர்த்தம்! மறுபடியும் போய்க் கேளு! போகும்போது ரெண்டு தேனடை வெச்சுட்டுப் போ!"

அப்போதுதான் செவலைக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. வலியைவிடப் பெரிய பயம். தான் செத்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரிந்தது. இத்தனை பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள், ஒருவருக்கும் அது தெரியவில்லை என்பதும் தெரிந்தது. இனி சாமி பட்டமும் வேண்டாம், காவல்காரர் பட்டமும் வேண்டாம், உயிர் ஒன்று கிடந்தால் போதும் என்றிருந்தது.

இருந்த மூச்சையெல்லாம் கூட்டி அது கத்தியது: "நான் தின்னுட்டேன்! எல்லாத்தையும் நானே தின்னுட்டேன்!"

கூட்டம் நரியைத் திரும்பிப் பார்த்தது. நரி ஒரு கணம் திகைத்தது. ஒரே கணம்தான்.

"ஆகா!" என்றது நரி. "நம்ம பாவத்தையெல்லாம் தானே தின்னுட்டதாச் சாமி சொல்லுது! இப்படி ஒரு சாமி எந்தக் காட்டுக்குக் கிடைக்கும்! எல்லாரும் கால்ல விழுங்க!"

காடு மொத்தமும் விழுந்தது. செவலைக்கு அழுகை வந்தது. அழக்கூட முடியாமல் தாடை கிட்டிப்போயிருந்தது.

வரிசையின் கடைசியில் முத்தாயி என்ற கழுதை நின்றிருந்தது. சலவைக்காரர் மூன்று சக்கர வண்டி வாங்கியதும் காட்டுக்கு வந்துவிட்ட கழுதை. யாரும் அதை முன்னால் விடாததால் அதன் முறை வர மாலை ஆகிவிட்டது. தன் குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று சாமியிடம் கேட்க வேண்டும் என்பது அதன் வெகுநாள் ஆசை. இரகசியமான கேள்வி என்பதால் செவலையின் முகத்தோடு முகம் வைத்து நின்றது.

கேள்வி கேட்க வாயெடுத்த முத்தாயி அப்படியே நின்றுவிட்டது.

"சாமி பல்லுல ஏதோ மினுங்குதே!"

"வெள்ளிப் பல்லு!" என்று நரி குறுக்கே பாய்ந்தது. "அருள் முத்தினா பல்லு வெள்ளியாயிடும்! தள்ளிப் போ, நேரமாச்சு!"

"வெள்ளிப் பல்லு கசங்குமா நரியாரே?" என்றபடி முத்தாயி அதைக் கடித்து இழுத்தது. நீளமாக ஒரு வெள்ளித்தாள் வந்தது. முத்தாயி மோந்து பார்த்தது. பிறகு செவலையின் கண்ணைப் பார்த்தது. அருள் வந்த கண்ணாக அதற்குத் தெரியவில்லை. பயந்த கண்ணாகத் தெரிந்தது.

"ஏ செவலை," என்றது முத்தாயி மெதுவாக, "சாமிகிட்டக் கேக்கலை, உன்கிட்டக் கேக்கறேன். என்ன தின்னே?"

செவலைக்கு வாய் திறக்கவில்லை. ஆனால் மூங்கில் புதர் பத்தடி தூரத்தில் இருந்தது. விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. கடைசியில் வயிற்றால் தவழ்ந்து போய்ச் சருகைத் தள்ளி மண்ணைப் பிறாண்டியது.

"புதையல்! சாமி புதையல் காட்டுது!" என்று நரி கூவியது.

மண்ணுக்குள்ளிருந்து பச்சை அட்டைப்பெட்டி வந்தது. மூடியில் கறுப்புச் சாக்லேட் படம். உள்ளே கசங்கிய தாள்கள். காடே குனிந்து பார்த்தது. காவல்காரரே கண்டெடுத்ததைப் பந்திக்குக் கொண்டுவராமல் தின்றிருக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள இதற்கு மேல் யாருக்கும் பூசாரி தேவைப்படவில்லை.

கும்பிட்ட கால்களெல்லாம் எழுந்து நின்றன.

"திருட்டு நாய்!" என்றது மான். "என் வேப்பிலையைத் திருப்பிக் குடு!"

"பஞ்சாயத்தைக் கூட்டுங்க!" என்று குரங்கு குதித்தது. "முதல்ல தீர்ப்பு! அப்புறம்தான் மத்ததெல்லாம்!"

"தீர்ப்பு சொல்லும்போது ஆளு உசிரோட இருக்க வேணாமா?" என்று முத்தாயி கேட்டது. "குளத்தைச் சுத்திக் கூவச் சொல்லணும்னாலும் வாய் வேணுமே!"

இதில் நியாயம் இருந்ததால் எல்லாரும் உடனே வைத்தியர்களாக மாறினார்கள். உப்புத் தண்ணீர் ஊற்றலாம் என்றது மான். புளி கரைத்துக் கொடுக்கலாம் என்றது குரங்கு. வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால் வந்துவிடும் என்றும் அதுவே சொன்னது. காலைவரை பொறுத்தால் தானாகத் தெளிந்துவிடும் என்றது நரி. நரிக்கு இன்னும் இரண்டு கிழங்கு காணிக்கை வர வேண்டியிருந்தது.

"ஒருத்தரும் ஒண்ணும் ஊத்தாதீங்க!" என்று முத்தாயி கத்தியது. அந்தக் குரலுக்குக் காடே ஒரு அடி பின்வாங்கியது. "நான் ஒரு தடவை சோப்புத்தூளைத் தின்னுட்டேன். எங்க முதலாளி உப்புத் தண்ணியை ஊத்தி, எண்ணெயை ஊத்தி, கடைசியிலதான் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். சோப்பைவிட அந்த உப்புத் தண்ணிதான் என்னைக் கொன்னு எடுத்துச்சு. டாக்டரம்மா அவரை வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க. அவங்க கேட்டது மூணே கேள்வி. என்ன தின்னுச்சு? எவ்வளவு தின்னுச்சு? எப்போ தின்னுச்சு? வாயில்லாத ஜீவன் எப்படிச் சொல்லும்? அதனால அந்தப் பெட்டியை எடுத்துக்கோ காக்கா! செவலையைத் தூக்கி என் முதுகுல போடுங்க!"

காக்கை பெட்டியைக் கவ்வியது. குரங்கு செவலையைத் தூக்கிப் போட்டது. முத்தாயி மலைச்சரிவில் இறங்கி ஓடியது. வாழ்க்கையில் ஒருநாளும் ஓடாத கழுதை அது. சலவைக்காரர் பார்த்திருந்தால் வண்டி வாங்கியிருக்க மாட்டார்.

மாட்டாஸ்பத்திரியைப் பூட்டப்போகும் நேரம். கம்பவுண்டர் இருதயராஜ் வாசலில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"மேடம்! நாய் கேஸ் ஒண்ணு வந்திருக்கு!"

"கூட வந்தது யாரு?" என்று உள்ளேயிருந்து டாக்டர் மங்கையர்க்கரசி கேட்டார்.

"கழுதை, மேடம்."

"வந்தவங்களைத் திட்டச் சொல்லலை இருதயராஜ். யார் கூட்டிட்டு வந்தாங்க?"

"நான் திட்டலை மேடம். கழுதைதான். ஒரு காக்காவும் வந்திருக்கு."

டாக்டர் வெளியே வந்தார். காக்கை பெட்டியை அவர் காலடியில் போட்டது. அவர் மூடியைப் பார்த்தார். எத்தனை கட்டி என்று பார்த்தார். செவலையின் நெஞ்சில் கை வைத்தார். மறு நிமிடம் நாய் மேசைமேல் இருந்தது.

"சாக்லேட்! நாய்க்கு அது விஷம். கறுக்கக் கறுக்கக் கொடும் விஷம்," என்று சொல்லிக்கொண்டே ஊசி போட்டார். நடுக்கம் மெல்ல அடங்கியது. குளுக்கோஸ் ஏற்றினார். தாடை தளர்ந்து விழுங்கத் தெம்பு வந்த பிறகு விஷத்தை உறிஞ்சும் மருந்துக் கரியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்.

"இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா இதயம் நின்னிருக்கும்," என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணு பார்த்தீங்களா? மனுஷங்க கொண்டுவந்தா, 'ஒண்ணுமே சாப்பிடலை டாக்டர், நேத்துலேருந்து இப்படித்தான் ஆடுது'ன்னு சத்தியம் பண்ணுவாங்க. கழுதை பாருங்க, பெட்டியோட வந்திருக்கு!"

இருதயராஜ் முத்தாயிக்கு ஒரு கட்டுப் புல் போட்டார். முத்தாயி நன்றி சொல்வதற்காகக் குரல் கொடுத்தது. டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

செவலை பிழைத்தது. சில வாரம் கழித்து, நடக்கத் தெம்பு வந்ததும், எலும்பும் தோலுமாகக் காட்டுக்குத் திரும்பி நடந்தது. வழி முழுக்க அது ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தது. குளத்தைச் சுற்றிக் கூவ வேண்டும். "நான் சாக்லேட் திருடன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மனசும் லேசாகும்.

குளத்தங்கரையில் ஒரே கூட்டம். இதற்கிடையில் ஒரு பெருமழை பெய்து குளம் நிறைந்திருந்தது. மான் சினையாக இருந்தது. அக்கரைப் பெண்ணும் சம்மதித்துவிட்டது. செவலை அன்று நடுங்கி விழுந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு, வேப்பிலை சுற்றி, மஞ்சள் பூசியிருந்தார்கள். பக்கத்தில் நரி பட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நன்றாகச் சதை போட்டிருந்தது.

"கேளுங்க! நான் சாக்லேட் திருடன்!" என்று செவலை கூவியது. "அன்னைக்கு எனக்கு வந்தது அருள் இல்லை! விஷம்!"

"உஷ்!" என்றது மான். "உன் திருட்டு எல்லாருக்கும் தெரியும். நீ தின்னது வேற. அன்னைக்கு இறங்கினது சாமி. மழை வந்துச்சா இல்லையா?"

"அந்தச் சாமியே நான்தான்!"

குரங்கு சிரித்தது. "பாவம், ஊசி மயக்கம் இன்னும் தெளியலை."

நரி ஒற்றைக் கண்ணைத் திறந்து செவலையை மேலும் கீழும் பார்த்தது. "உசிர் பிழைச்சு வந்திருக்கே. யார் புண்ணியம்னு நினைச்சே? வரிசையில வந்து விழுந்து கும்பிட்டுட்டுப் போ."

செவலை சுற்றிலும் பார்த்தது. முத்தாயி மட்டும் தூரத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தது. மற்ற அத்தனை கண்களும் செவலையையே முறைத்தன. செவலை வரிசையில் போய் நின்றது. தன் முறை வந்ததும், தன்னுடைய வயிற்றுவலிக்குத் தானே விழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்தது. பிறகு நேராக முத்தாயியிடம் போனது.

"அக்கா," என்றது, "இன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரியில ரெண்டு கரண்டி தயிர்சோறு தின்னேன். வழியில ஒரு ஈசல் தின்னேன். வேற ஒண்ணும் தின்னலை."

"நான் கேக்கலையே," என்றது முத்தாயி.

"கேக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்," என்றது செவலை.

உடம்பு நடுங்கும்போது ஊர் கும்பிடுகிறதே என்று உண்மையை மறைப்பவன் சாமியாகிச் சாவான். தின்றதைத் தின்றேன் என்று உடனே சொல்பவன் நாயாகவாவது பிழைப்பான்.